அது வெங்கிணாந்தி என்று யூஜினி ரீச்சர் சொல்லவில்லை

யூஜினி ரீச்சரின் தம்பி அன்ரன் அழைத்தபோது நான் மடத்துவெளிச் சந்தியில் குறிகட்டுவான் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். நயினாதீவில் ஒரு கலியாண வீட்டுக்குப் போக வெளிக்கிட்டிருந்தேன். தொலைபேசியில் முதலில் காற்றின் இரைச்சல்தான் கேட்டது. பிறகு, “மாஸ்டர், அக்கா மோசம் போட்டா” என்றார். “விடியப்புறம். நித்திரையிலை. தேத்தண்ணி கொண்டுபோகேக்கைதான் தெரிஞ்சது” என்று அவரே சொல்லி முடித்தார். பேருந்து வந்து நின்றது. நடத்துநர் என்னிடம் படித்தவர். “ஏறுங்கோ சேர், வள்ளம் வெளிக்கிட்டிடும்” என்றார். நான் கையைக் காட்டிவிட்டு வீதியைக் கடந்து, மற்றப் பக்கம் போகும் பேருந்துக்காக நின்றேன்.

ரீச்சரை அறியாத ஒருவர் இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கக்கூடும். அவருக்காகச் சில வரிகள். மேரி யூஜினி ரீச்சர் ஊர்காவற்றுறையில் கடற்றொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். அங்கே ஒரு பாடசாலையில் இருபத்தாறு வருடம் உயிரியல் படிப்பித்தார். அதில் பத்தொன்பது வருடம் நானும் அதே பாடசாலையில் கணிதம் படிப்பித்தேன். என்னைவிட மூன்று வயது மூத்தவர். திருமணம் செய்யவில்லை, தம்பி அன்ரனின் குடும்பத்தோடு வாழ்ந்தார். ஆனால் வகுப்பறைக்கு வெளியே செய்த வேலைக்காகத்தான் தீவுப்பகுதியில் அவரைக் கூடுதலான பேருக்குத் தெரியும். வளவில் வெங்கிணாந்தியைக் கண்டவர்கள் பொல்லைத் தேடுவதற்கு முன் அவருடைய தொலைபேசி இலக்கத்தைத் தேடினார்கள். நாங்கள் வெங்கிணாந்தி என்பதைத்தான் பாடப்புத்தகம் மலைப்பாம்பு என்கிறது. “இஞ்சை மலையும் இல்லை, ஒரு மேடும் இல்லை. அது பாவம், எங்கை போய் இருக்கிறது?” என்று ரீச்சர் அந்தப் பாடத்தைத் தொடங்குவார்.

செத்த வீட்டில் பந்தலின் கீழ் எனக்கு முன்வரிசையில் இருந்த இரண்டு பேர் மெல்லிய குரலில் கதைத்தார்கள்.

“தங்கமான மனுசி.”

“ஓம். அந்தக் குணம் அண்ணைக்குக் கை போனதை விட்டால் வேறை ஒரு குறையும் சொல்லேலாது.”

“வேணுமெண்டே சொன்னவ? போனிலை கேட்டுப்போட்டு வெங்கிணாந்திக் குட்டியெண்டு சொல்லிப்போட்டா. எந்தக் கெட்டிக்காரிக்கும் ஒரு பிழை வரும்தானே.”

அவர்கள் சொன்னது உண்மையல்ல. அது உண்மையல்ல என்பது அந்தப் பந்தலில் எனக்கு மட்டும்தான் தெரியும். பன்னிரண்டு வருடமாக வாய் திறக்காதவன் அன்றும் திறக்கவில்லை. முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி அன்ரன் கேட்டார். ஒரு பக்கத்தில் முடியாது என்றேன். ஏன் என்பதை ரீச்சரின் நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும், முக்கியமாகக் குணம் அண்ணை வீட்டாருக்கும் இதில் சொல்லப்போகிறேன். அதற்கு முன் அவர் பாம்போடும் மனிதரோடும் எப்படி நடந்துகொண்டார் என்பதைக் காட்ட வேண்டும். அது தெரியாவிட்டால் மற்றது விளங்காது.

எங்கள் புங்குடுதீவில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் நிறைய. சொந்தக்காரர் கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிறார்கள். பற்றை வளர்ந்த வளவில் எலி பெருகும். எலியும் முயலும் உடும்பும் உள்ள இடத்துக்கு வெங்கிணாந்தி வரும். அப்படி ஒரு வளவில் இருபத்தைந்து அடிப் பாம்பு கிடப்பதாக ஒரு சனிக்கிழமை செய்தி வந்தது. ரீச்சர் முதல் பேருந்தில் வந்து இறங்கினார். பாம்பைக் கண்ட மூன்று பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். ஒருவர் பதினெட்டு அடி என்றார், ஒருவர் இருபது என்றார், மூன்றாமவர் கையை விரித்துக் காட்டிவிட்டுக் கை போதவில்லை என்றார். ரீச்சர் என் பக்கம் திரும்பினார்.

“சொல்லுற நீளத்திலை மூண்டிலொண்டு பயம். அதைக் கழியும் மாஸ்டர். நீர் கணக்கு வாத்தியார்தானே.”

பாம்பு போய்விட்டிருந்தது. கிணற்றடியில் அதன் சட்டை மட்டும் கிடந்தது. நான் நாடா பிடித்து அளந்தேன். பதினாலரை அடி. கை போதாதவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தியளோ, நான் சொன்னனான்” என்றார். ரீச்சர் சிரித்தார். “தம்பி, சப்பாத்துக்குப் போடுற காலுறையைக் கழட்டிப் பாரும். காலைவிட நீளமாய்த்தான் தொங்கும். சட்டை கழரேக்கை இழுபடும். ஆள் பன்னிரண்டு அடிக்குக் கிட்டத்தான் இருப்பா.” எங்கள் பக்கத்தில் பன்னிரண்டு அடியே பெரிய பாம்பு என்றும், பெட்டை ஆணைவிடப் பெரிது என்றும், பதினைந்துக்கு மேல் யாராவது சொன்னால் பாம்பைப் பார்க்க முதல் சொன்னவரைப் பார்க்க வேண்டும் என்றும் அன்று சொன்னார்.

இன்னொரு முறை ஊர்காவற்றுறையிலேயே ஒரு கோழிக்கூடு. இரவு கம்பி இடைவெளியால் உள்ளே போன வெங்கிணாந்தி ஒரு கோழியை விழுங்கிவிட்டு, வயிறு பெருத்து, போன வழியால் திரும்ப ஏலாமல் கிடந்தது. வீட்டுக்கார அக்கா கத்தியோடு நின்றார்.

“ரீச்சர், நீங்கள் பாம்புக்குப் பரிஞ்சு கதைக்க வந்தனியளோ, கோழிக்கோ?”

“கோழிக்கு இனி ஆர் பரிஞ்சும் பிரயோசனம் இல்லை அக்கா. கதவைத் திறந்துபோட்டுத் தள்ளி நில்லுங்கோ.”

அக்கா தள்ளி நிற்கவில்லை. கூட்டின் தகரத்தில் தட்டிக்கொண்டே இருந்தார். பாம்பு உடம்பை நெளித்தது, வாயை அகலத் திறந்தது, விழுங்கிய கோழியை அப்படியே வெளியே தள்ளியது. பிறகு மெலிந்த உடம்போடு கம்பி இடைவெளியால் வழுகிப் பற்றைக்குள் போய்விட்டது. எல்லோரும் நனைந்துபோன அந்தக் கோழியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“இப்ப திருப்தியோ? அது சாப்பிட்டதையும் பறிச்சாச்சு. இனி இதைக் கறியும் வைக்கேலாது” என்றார் ரீச்சர்.

தின்ற பாம்பைத் துரத்தக்கூடாது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஓடுவதற்காக அது வயிற்றைக் காலி செய்யும். பிறகு பசியோடு திரும்பி வரும். விட்டிருந்தால், “ஒரு கோழியோடை மூண்டு நாலு கிழமைக்கு உங்கடை பக்கம் பாராது. உங்கடை மனுசன் அப்பிடி இருப்பாரோ?” என்று அந்த அக்காவிடமே கேட்டார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன் பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேள்வி கேட்கத் தொடங்கினார். எலும்பை முறித்துத்தான் கொல்லுமா? இல்லை, இறுக்கும்போது இரத்த ஓட்டம் நின்றுபோகும். எந்தப் பக்கத்தால் விழுங்கும்? தலைப் பக்கத்தால், அப்போதுதான் இறகும் காலும் மடிந்து வழிவிடும். இருட்டில் எப்படிக் கோழியைக் கண்டது? உதட்டோரத்தில் சின்னக் குழிகள் இருக்கின்றன. கோழியின் உடம்புச் சூடு அதற்குத் தெரியும். ரீச்சர் அன்று வகுப்புக்கு ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தார்.

இவ்வளவு தைரியம் உள்ளவர் கரப்பானைக் கண்டால் கதிரையில் ஏறி நிற்பார் என்பதையும் இந்த இடத்தில் எழுதிவிட வேண்டும். ஆசிரியர் அறை அலுமாரியை நான்தான் திறந்து பார்த்துச் சொல்ல வேண்டும். கோபமும் சட்டென்று வரும். விடைத்தாள் திருத்துவதில் அவரைப்போல் சோம்பேறியை நான் கண்டதில்லை. அவர் புனிதர் அல்ல. அப்படி எழுதினால் அவரே முதலில் சிரிப்பார்.

ஒரு மாணவன் பிஸ்கட் பேணிக்குள் கட்டைப் பாம்பு ஒன்றைக் கொண்டுவந்தபோது மேசைமேல் மணலைக் கொட்டி அதை அதன்மேல் விட்டார். அது ஒரு நிமிடத்துக்குள் மூக்கால் கிண்டி மறைந்துவிட்டது. மண்ணுளிப் பாம்பு. “தென்னமெரிக்காவிலை அனகொண்டா எண்டு ஒரு பணக்காரர் இருக்கிறார். ஆற்றுக்குள்ளை இருந்துகொண்டு பன்றியையும் விழுங்குவார். போவா எண்டு அந்தக் குடும்பத்துக்குப் பேர். இது அவையின்ரை ஏழைச் சொந்தக்காரன். எலிக்குஞ்சுதான் கட்டுப்படியாகும்” என்றார். போவாக்கள் குட்டி போடும், வெங்கிணாந்தி முட்டையிடும் என்ற வித்தியாசத்தை அந்த வகுப்பில் இருந்த ஒருவரும் மறந்திருக்கமாட்டார்கள். நான் வாசலில் நின்று கேட்டவன். எனக்கே இன்றும் நினைவிருக்கிறது.

முட்டை என்றதும் நினைவு வருவது எங்கள் ஊரில் கனடாக்காரர் ஒருவரின் வீடு. கோயில் திருவிழாவுக்கு வருகிறோம், வீட்டைத் துப்புரவாக்கி வையுங்கோ என்று அவர் அறிவித்திருந்தார். வேலைக்குப் போனவர்கள் குசினிக்குள் பாம்பைக் கண்டு ஓடி வந்தார்கள். ரீச்சரோடு நானும் போனேன். பழைய அடுப்பு மூலையில் ஒரு வெங்கிணாந்தி முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு கிடந்தது. அதன் உடம்பு சில நொடிகளுக்கு ஒருமுறை துடித்தது. எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

“நோயோ ரீச்சர்?”

“இல்லை. தசையைத் துடிக்க வைச்சுச் சூடு உண்டாக்குறா. முட்டைக்குக் குளிர் பிடிக்கக்கூடாதெண்டு. ரெண்டு மாதமாய் ஒண்டும் சாப்பிட்டிருக்கமாட்டா.”

கனடாக்காரரோடு அவரே தொலைபேசியில் கதைத்தார். அவர் கத்துவது எனக்குக் கேட்டது. ரீச்சர் இடையில் மறிக்கவில்லை. முடிந்ததும், “ஐயா, உங்கடை அம்மாவும் அந்தக் குசினியிலைதானே உங்களை வளர்த்தவ. இன்னும் ரெண்டு கிழமை. குஞ்சு பொரிச்சால் ஒருத்தரும் இருக்கமாட்டினம். நானே வந்து கூட்டித் தாறன்” என்றார். அவர் திருவிழாவுக்கு வந்து தமக்கை வீட்டில் தங்கினார். ரீச்சர் சொன்னபடி வந்து குசினியைக் கூட்டினார். வெறும் முட்டைக்கோதுகளைப் பார்த்த கனடாக்காரர் ஒன்றைத் தன் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போனார்.

பெரிய பாம்பென்றால் ரீச்சர் வனவிலங்கு அதிகாரிகளுக்கு அறிவித்து, அவர்கள் வரும்வரை ஆட்களைத் தள்ளி நிறுத்துவார். குட்டிகளுக்கு வேறு முறை. பனையோலையில் இழைத்த கடகம் இல்லாத வீடு எங்கள் தீவுகளில் இல்லை. “கடகத்தாலை மூடி, மேலை ஒரு கல்லை வைச்சுப்போட்டுத் தள்ளி நில்லுங்கோ. நான் வாறன்” என்பார். பாம்பு இருட்டில் அமைதியாகக் கிடக்கும். அவர் பின்னேரப் பேருந்தில் போய்ச் சாக்கில் போட்டுக் கொண்டுபோய்ப் பற்றையில் விடுவார். ஆனால் கடகத்தைப் பற்றிச் சொல்ல முதல் சில கேள்விகள் கேட்பார். முதுகில் உள்ள பொட்டுகள் சங்கிலி கோத்ததுபோல் ஒரே அளவாக வரிசையில் இருக்கின்றனவா, அல்லது கிழிந்த துணியை ஒட்டியதுபோல் தாறுமாறாக இருக்கின்றனவா? தோல் மினுங்குகிறதா, சொரசொரப்பா? அந்தக் கேள்விகளை ஆசிரியர் அறையில் நூறு முறையாவது கேட்டிருக்கிறேன். ஏன் கேட்கிறார் என்று நான் யோசித்ததில்லை. பரீட்சையில் விடையை மட்டும் பார்த்து எழுதும் பிள்ளையைப்போல் அவருடைய விடைகளை மட்டும் மனதில் வைத்திருந்தேன்.

இனி நான் சொல்ல வேண்டியது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணியளவு. ரீச்சர் மேல் வகுப்புக்குச் செய்முறைப் பரீட்சை நடத்திக்கொண்டிருந்தார். அவருடைய தொலைபேசி ஆசிரியர் அறை மேசையில் கிடந்தது. அது அடித்தது, ஓய்ந்தது, மறுபடி அடித்தது. நான் எடுத்தேன். எங்கள் ஊர்ப் பரமேஸ் அக்கா, குணம் அண்ணையின் மனைவி. குணம் அண்ணை தோட்டம் செய்பவர்.

“ரீச்சர் இல்லையோ?”

“பரீட்சையிலை நிக்கிறா அக்கா. நான் மாஸ்டர். என்ன விசயம்?”

“ஓலைக் கும்பிக்குக் கீழை ஒரு பாம்பு கிடக்கு மாஸ்டர். கட்டை, ஆனால் நல்ல மொத்தம். மண்ணிறத்திலை பெரிய பெரிய பொட்டு. சுருண்டு கிடந்து சீறுது. இவர் அடிக்கப்போறார். நான்தான் பொறுங்கோ, ரீச்சரைக் கேப்பம் எண்டனான்.”

“கொஞ்சம் பொறுங்கோ, கேட்டுச் சொல்லுறன்” என்றேன்.

ஆய்வுகூட யன்னல்வரை போனேன். ரீச்சர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பிள்ளைகள் மௌனமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். குழப்பக்கூடாது என்று நினைத்தேன். அதைவிட உண்மையான காரணம் ஒன்று இருந்தது: எனக்கே தெரியும் என்று நினைத்தேன். மொத்தம், பொட்டு, சுருள்வது, சீறுவது. குட்டிதான் கூடுதலாகச் சீறும் என்று ரீச்சர் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். யன்னலில் இருந்து திரும்பி நடக்கும்போதே தொலைபேசியைக் காதில் வைத்தேன்.

“ரீச்சர் சொல்லுறா, அது வெங்கிணாந்திக் குட்டிதானாம். பயமில்லையாம். கடகத்தாலை மூடி வைக்கட்டாம். பின்னேரம் வருவாவாம்.”

‘நான் சொல்கிறேன்’ என்றிருந்தால் குணம் அண்ணை நம்பியிருக்கமாட்டார். ரீச்சரின் பெயரைச் சொன்னதால் நம்பினார். கடகத்தை எடுத்துக்கொண்டு கிட்டப் போனார். அது முத்திரைப் புடையன், சங்கிலிப் பொட்டுள்ள கொடிய விஷப் பாம்பு. வலக்கையில், சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் கொத்தியது.

விஷமுறிவு மருந்து கொடுத்து யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனார்கள். சிறுநீரகம் வேலை செய்யாமல் பல நாள் இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரித்தார்கள். பிழைப்பாரா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாள் அவருடைய உறவினர்கள் பாடசாலைக்கு வந்தார்கள். அதிபர் எல்லோரையும் ஆசிரியர் அறையில் இருத்திவிட்டு, “ரீச்சர், போனிலை அப்பிடிச் சொல்லச் சொன்னது நீங்களோ?” என்று கேட்டார்.

ரீச்சருக்கு அந்த அழைப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் மறைத்தேன் என்பதல்ல. பரீட்சை முடிந்து அவர் வரும்போது எனக்கு வகுப்பு. பாடசாலை விடும்போது பாம்பு கொத்திய செய்தி ஊரெல்லாம் பரவிவிட்டது. அதன் பிறகு அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அதிபர் கேட்டதும் அவர் மேசையில் கிடந்த தன் தொலைபேசியைப் பார்த்தார். பிறகு அதற்குப் பக்கத்தில் இருந்த என்னைப் பார்த்தார். ஒரேயொரு முறைதான் பார்த்தார்.

“ஓம் சேர். நான் சொன்னதுதான்.”

ஒருவர் எழும்பி, “உங்களை நம்பித்தானே அவன் கையை நீட்டினவன்” என்றார். ரீச்சர் தலையைக் குனிந்துகொண்டு, “ஓம். என்னை நம்பித்தான்” என்றார்.

எல்லோரும் போன பிறகு வேப்பமரத்தடியில் அவரைப் பிடித்தேன். அவர்தான் கதைத்தார்.

“நீர் அதை எங்கையிருந்து எடுத்துச் சொன்னனீர்? நான் சொன்னதிலையிருந்துதானே. நீளத்தைச் சொன்னன், தீனைச் சொன்னன், முட்டையைச் சொன்னன். அதைப்போலவே இன்னொண்டு இருக்கு, அது ஆளைக் கொல்லும் எண்டு உமக்கு ஒரு நாளும் சொல்லேல்லை. அரைவாசி படிப்பிச்சது நான்.”

“நான் போய்ச் சொல்லுறன் ரீச்சர்.”

“இப்ப போய் என்னத்தைச் சொல்லப்போறீர்? அந்த மனுசன் முதல் பிழைக்கட்டும்.”

குணம் அண்ணை பிழைத்தார். சுட்டுவிரலை எடுத்துவிட்டார்கள், நடுவிரல் மடியாது. மண்வெட்டிப் பிடி அந்தக் கையில் நிற்காது. தோட்டத்தைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு ஆடு வளர்த்தார். அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் ரீச்சர் ஒவ்வொரு சனிக்கிழமையும் யாழ்ப்பாணம் போய்க் கட்டிலருகில் இருந்துவிட்டு வந்தார். நான் ஒரு முறை மட்டும் போனேன், அதுவும் மற்ற ஆசிரியர்களோடு. அவர் தேறட்டும், சொல்கிறேன் என்றிருந்தேன். தேறினார். வீட்டுக்கு வரட்டும் என்றிருந்தேன். வந்தார். பிறகு சொல்லாமலே ஒரு வருடம் போய்விட்டது. ஒரு வருடம் சொல்லாததை இரண்டாம் வருடம் சொல்வது இன்னும் கடினமாக இருந்தது.

அந்த ஒரு வருடம் ரீச்சரை ஒருவரும் அழைக்கவில்லை. அடித்துத் தூக்கிப் போட்ட வெங்கிணாந்திகள் மூன்றை எங்கள் ஊர் வீதியிலேயே கண்டேன். அவர் சும்மா இருக்கவில்லை. மூன்று படங்களைப் பெரிதாக வரைந்தார்: வெங்கிணாந்திக் குட்டி, மண்ணுளிப் பாம்பு, புடையன். வாசிகசாலைகளுக்கும் கோயில் மடங்களுக்கும் தேவாலயத்துக்கும் அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு போனார். எங்கே போனாலும் புடையனில்தான் தொடங்குவார். “இதாலைதான் நான் சொல்லி ஒருத்தரின்ரை கை போனது” என்று முதல் வசனமாகச் சொல்வார். செய்யாத பிழையை முன்னால் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் படிப்பித்தார். கடைசி வரிசையில் நானும் சில நேரம் இருந்திருக்கிறேன். மெல்ல மெல்ல ஆட்கள் மறுபடி அழைத்தார்கள். ஆனால் அதன் பிறகு அவர் தொலைபேசியில் ஒரு பாம்புக்கும் பெயர் சொல்லவில்லை. “கிட்டப் போகாதேங்கோ, அடியாதேங்கோ, நான் வந்து பாக்கிறன்” என்பது மட்டும்தான்.

அவரை நான் கடைசியாகக் கண்டது இறப்பதற்கு மூன்று கிழமைக்கு முன். மிகவும் மெலிந்திருந்தார். அன்ரனின் மகள் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். “வெங்கிணாந்தியெண்டால் இப்பிடிச் சாப்பிடாமல் ஒரு வருசமும் இருக்கும். எனக்கு ஏலாது போலை கிடக்கு” என்று சிரித்தார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். கையைத் தூக்கி மறித்தார்.

“எனக்கு என்னத்துக்கு மாஸ்டர்? எனக்குத்தான் தெரியுமே. சொல்லுறதெண்டால் அவைக்குச் சொல்லும்.”

அவர் கண்ணை மூடும்வரை நான் சொல்லவில்லை. செத்த வீட்டுக்குப் பத்தாம் நாள்தான் குணம் அண்ணை வீட்டுக்குப் போனேன். அவர் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார். பரமேஸ் அக்கா தேத்தண்ணி வைத்துத் தந்தார். நான் கோப்பையைத் தொடாமல் இருந்து, யன்னல்வரை போய்த் திரும்பியது வரை எல்லாவற்றையும் சொன்னேன். குணம் அண்ணை குழையை இறுக்கிக் கட்டினார். அக்காதான் பேசினார்.

“அவ ஒவ்வொரு நத்தார்ப் பெருநாளுக்கும் எங்களுக்குக் கேக் அனுப்புறவ, மாஸ்டர். பன்னிரண்டு வருசம். இவர் தின்னுவார். நான் ஒரு துண்டும் வாயிலை வைக்கேல்லை. பஸ்ஸிலை கண்டால் மற்றப் பக்கம் திரும்பி இருப்பன். அவ வந்து சுகம் கேப்பா. நான் யன்னலைப் பாத்துக்கொண்டிருப்பன்.” ஆறிப்போன என் கோப்பையை எடுத்தார். “ஏன் மாஸ்டர் அவ உயிரோடை இருக்கேக்கை சொல்லேல்லை? நான் ஒருக்கால் திரும்பிப் பாத்திருப்பனே.”

குணம் அண்ணையின் கைக்கு நான் காரணம். பரமேஸ் அக்காவின் அந்தப் பன்னிரண்டு வருடத்துக்கும் நானே காரணம். முதலாவது அவசரத்தில் வந்தது. இரண்டாவதை ஒவ்வொரு நாளும் தெரிந்துகொண்டே செய்தேன்.

வெளிக்கிடும்போது குணம் அண்ணை படலைவரை வந்தார். “மலருக்கு எழுதுறீராம் எண்டு அன்ரன் சொன்னவர். எழுதும். என்ரை பேரையும் போடும். சுத்தி வளைக்காமல் எழுதும்” என்றார். அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

ரீச்சரின் புத்தகங்களில், படங்களில் ஏதாவது நினைவாக எடுத்துக்கொள்ளும்படி அன்ரன் சொன்னார். அவை பாடசாலைக்குப் போகட்டும் என்றேன். நான் எடுத்துக்கொள்வது வேறொன்று. ஆசிரியர் அறையில் அவர் தன்னுடையதென்று வாங்கிய அந்தப் பிழை பன்னிரண்டு வருடம் அவரிடம் இருந்தது. அதை இன்று அவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன். அவர் அந்தப் பாம்பைப் பார்க்கவில்லை. அந்த அழைப்பைக் கேட்கவில்லை. அது வெங்கிணாந்தி என்று சொல்லவில்லை. இந்த மலரை வாசிப்பவர்கள் இனி எங்காவது அந்தக் கதை எழும்பினால், தயவுசெய்து, கணக்கு வாத்தியார் விட்ட பிழை என்று சொல்லுங்கள்.